ஆடி மாதம் எனக்கு

ஜூன் 10, திங்கள்

டிக்கெட் போட்டாயிற்று. பெங்களூரிலிருந்து தான்சானியா. கிளிமஞ்சாரோ மலை. ஆகஸ்ட் நான்காம் தேதி ஏற ஆரம்பித்துப் பத்தாம் தேதி இறங்குவது. நட்டநடு ஆடி. தமிழ்நாட்டில் ஒரு ஈ காக்கை கல்யாணம் பண்ணாத நேரம்.

பன்னிரண்டு வருடமாக இதுதான் என் சட்டம். பத்து மாதம் ஊருக்கு, ஆடியும் மார்கழியும் எனக்கு. முகூர்த்த நாளில் சேலத்தில் ஏதாவது ஒரு மணமேடை முன்னால் மண்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆடி பிறந்தால் ஆளைப் பார்க்க முடியாது. ஒரு மார்கழி வியட்நாம், ஒரு ஆடி ஜார்ஜியா, ஒரு மார்கழி மொராக்கோ. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யாராவது கல்யாணம் செய்துகொண்டிருந்தால் ஓரமாகப் போய் நின்றுவிடுகிறேன். அது பழக்க தோஷம், வேறொன்றுமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை உனக்கு."

"எனக்குத்தான் மீசை இல்லையேம்மா. கூழைத் தாராளமா குடிக்கலாம்."

"நாப்பத்தொரு வயசுல மலை ஏறப் போறாளாம். முட்டியக் கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் அது வேண்டாம் என்றுதான் சொல்லும்.

ஜூன் 19, புதன்

ஓசூரிலிருந்து பத்மாவதியம்மா போன் செய்தார்கள். ஐந்து வருடம் முன்பு அவர்களுடைய பெரிய பெண் சைலஜாவின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். சின்னவள் ஸ்ரவந்தி அப்போது கல்லூரியில் இருந்தாள். மூன்று நாளும் என் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிந்தாள். "என் கல்யாணத்துக்கும் நீங்கதான்க்கா வரணும், எந்த தேசத்துல இருந்தாலும்" என்று கையை நீட்டினாள். நானும் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"ஸ்ரவந்திக்கு அமஞ்சிடுச்சும்மா. கூட வேலை பாக்கற பையன், கௌதம்னு பேரு, பெங்களூர்ல குடும்பம். ஆகஸ்ட் எட்டு முகூர்த்தம், ஏழு சாயந்தரம் ரிசப்ஷன்."

"எட்டு ஆடியாச்சேம்மா. ஆடியில கல்யாணமா?"

"உங்களுக்குத்தான் ஆடி. எங்களுக்கு நாலாந்தேதி அமாவாசையோட ஆஷாடம் போயிடுது. அடுத்த நாளே ஸ்ராவணம், ரொம்ப விசேஷம். நாங்க வீட்ல தெலுங்கு பேசறவங்க இல்லியா, பஞ்சாங்கமும் அதேதான்."

தலையில் குட்டிக்கொண்டேன். நாம் சூரியனைப் பார்த்து மாதம் எண்ணுகிறோம், அவர்கள் நிலவைப் பார்த்து எண்ணுகிறார்கள். சைலஜாவின் கல்யாணம் மாசியில் நடந்ததால் இந்த வம்பு அன்றைக்குத் தெரியவில்லை. நோன்பில் முஸ்லிம் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் கிடையாது என்று எல்லார் காலண்டரையும் கரைத்துக் குடித்தவள் நான். பக்கத்திலிருக்கும் ஓசூரைக் கோட்டை விட்டேன்.

எட்டாம் தேதி நான் மலையின் நடுவயிற்றில் இருப்பேன். "பாத்துட்டு சொல்றேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

நிஜாம் அண்ணனிடம் சொன்னேன். நிஜாமுதீன் வீடியோ, நான் போட்டோ. கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே கூட்டு. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், ஆனால் கோபம் எனக்குத்தான் அதிகம்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு என்னைக்காச்சும் ஒரு நாள் மாட்டுவேன்னு தெரியும் அரசிம்மா. நீ போயிட்டு வா. போட்டோவுக்கு வேற ஆள் போட்டு நான் பாத்துக்கறேன்."

நல்ல யோசனைதான். பத்மாவதியம்மாவிடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஜூன் 21, வெள்ளி

சொல்லவில்லை. வேலை அதிகம்.

ஜூன் 23, ஞாயிறு

நான் சொல்வதற்குள் ஸ்ரவந்தியே கடைக்கு வந்துவிட்டாள். பெங்களூரிலிருந்து காலை ரயிலில் தனியாக வந்திருக்கிறாள். கையில் ஒரு ஆல்பம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முகத்தில் வெண்புள்ளி உண்டு. இடது கண்ணைச் சுற்றி, பிறகு உதட்டோரம், தாடையில் ஒரு கீற்று. சைலஜா கல்யாணத்தில் அவளை நான் எடுத்த படங்களில் எதையும் தொடாமல் அப்படியே கொடுத்திருந்தேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆல்பத்தைப் பிரித்தாள். நிச்சயதார்த்தம். பெங்களூரில் யாரோ எடுத்தது. படத்தில் ஒரு பெண் பட்டுப்புடவையில் சிரிக்கிறாள். முகம் முழுக்க ஒரே நிறம், மாவு பிசைந்து வைத்த மாதிரி வழவழவென்று.

"இது யாருக்கா?" என்றாள்.

படத்தை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தேன்.

"அம்மா பாத்துட்டு, எவ்ளோ லட்சணமா இருக்கா என் பொண்ணுன்னு அழுதாங்க. அவங்க பொண்ணே இல்லக்கா இது. கௌதமுக்கு ஒண்ணும் பிரச்சனையில்ல, அவனுக்கு என்னைத் தெரியும். அவங்கம்மாதான், கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவாங்க, ஸ்டேஜ்ல மட்டும் மேக்கப்ல மறைச்சிடலாம்னு சொல்றாங்க. நல்லவங்கதான். கெஞ்சிதான் கேக்கறாங்க. அதான் கஷ்டமா இருக்கு."

"முடியாதுன்னு சொல்லிடு."

"நான் தனியா இருந்தா ஒத்துக்குவேன்க்கா. எனக்கு என்னைத் தெரியும். மேக்கப் ரூம்ல நீங்க இருந்தா சொல்லிடுவேன். என் கல்யாணப் படத்துல என் மூஞ்சி எனக்கு வேணும்."

மணப்பெண் அறைக்குள் நிஜாம் அண்ணன் நுழைய முடியாது. வேறு யாரைப் போட்டாலும் படத்தை வாங்கிய கையோடு தோலை வழித்தெடுத்து வெளுப்பாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் அதைக் கேட்டுச் செய்வதில்லை, தானாகவே செய்வது.

மலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. உடனே எடுத்து நிறுத்திக்கொண்டு, "பரவால்லக்கா, நீங்க போங்க, எவ்ளோ நாளா ஆசைப்பட்டிருப்பீங்க" என்றாள். மனசார சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

பேருந்து நிலையத்தில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்டேன். பேருந்து நகரும்போது ஜன்னலில் குனிந்து, "எட்டாந்தேதி உன் மேக்கப் ரூம்ல இருப்பேன். மலையும் ஏறிட்டு வந்து இருப்பேன்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 24, திங்கள்

நாளெல்லாம் போனும் மெயிலும். முன்னதாக ஒரு குழுவில் இடம் கிடைத்தது. ஜூலை 29 ஏற்றம், ஆகஸ்ட் 4 இறக்கம். திரும்பும் விமானம் 6 மதியம், அடுத்த நாள் காலை பெங்களூர். நடுவில் இரண்டு நாள் சும்மா கிடக்கிறது. டிக்கெட்டை மாற்றியதில் யானைகளைப் பார்க்க வைத்திருந்த காசு போயிற்று. யானையை முதுமலையில் பார்த்துக்கொள்ளலாம்.

"ஒரு நாள் தள்ளிப்போனா?" என்றார் நிஜாம் அண்ணன்.

"தள்ளிப்போகாது."

"மலைக்கு அது தெரியுமா?"

அவருக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது.

ஜூன் 30, ஞாயிறு

ஏற்காடு மலைப்பாதையில் முதுகுப்பையோடு நடந்தேன். பையில் கனத்துக்குக் கடையில் இருக்கும் பழைய மாதிரி ஆல்பங்கள் ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று கிலோ. பத்தாவது வளைவில் உட்கார்ந்துவிட்டேன். காரில் போன குடும்பம் ஒன்று நிறுத்தி, "வண்டி ரிப்பேருங்களா, ஏறிக்கறீங்களா?" என்று கேட்டது. நன்றி சொல்லி அனுப்பிவிட்டு மீதி பத்து வளைவையும் ஏறினேன். ஐந்து ஜோடிகளை முதுகில் சுமந்து மலை ஏறியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆனிக் கடைசி முகூர்த்தங்கள். இந்த வாரம் நான்கு கல்யாணம். மண்டி போட்டுப் போட்டு வலது முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே திட்டினாள். திட்டு இலவசம்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. கடை ஷட்டரை இறக்கினோம். முட்டி சரியாகிவிட்டது. ஏறக்குறைய.

ஜூலை 28, ஞாயிறு

மோஷி என்ற ஊர். மலையடிவாரம். நான் வந்துவிட்டேன், என் பெரிய பை வரவில்லை. ஏற்ற பூட்ஸ், தூக்கப்பை, குளிர் உடுப்பு எல்லாம் அதில். கேமரா மட்டும் என்னோடு இருக்கிறது, அதை ஒருநாளும் கைவிட்டதில்லை. வழிகாட்டி வந்து பார்த்தான். காட்லிசன் என்று பெயர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவன் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

"கவலைப்படாதே மாமா. பை நாளைக்கு வரும்."

இங்கே 'மாமா' என்றால் அம்மா. மரியாதைச் சொல். நாற்பத்தோரு வயதில் எனக்கு மாமா பதவி.

ஜூலை 29, திங்கள்

பை வரவில்லை. என் குழு என்னை விட்டுவிட்டு ஏறப் போய்விட்டது. வாடகை பூட்ஸ் போட்டுப் பார்த்தேன், கால்விரல் எல்லாம் கடித்தது. பழகாத பூட்ஸோடு ஏழு நாள் ஏறுவது முட்டாள்தனம் என்று காட்லிசன் சொல்லிவிட்டான்.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் பை வந்தது. ஒரு பெண் அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கட்டிப்பிடித்துவிட்டேன், பையைத்தான்.

நாளைக்குக் கிளம்பும் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் தேதி காலை உச்சி, ஆறாம் தேதி காலை மலை வாசல், அன்று மதியம் விமானம். சும்மா கிடந்த இரண்டு நாளும் போயிற்று. அந்த விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாள் மதியம்தான். அதில் போனால் தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போதுதான் போய்ச் சேருவேன்.

நிஜாம் அண்ணனிடம் போனில் சொன்னேன். "நான் சொன்னேன் பாத்தியா" என்று அவர் சொல்லவில்லை. "பத்திரமா ஏறு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று மழைக்காடு, இன்று புதர்க்காடு. 'போலே போலே' என்று நொடிக்கொருதரம் சொல்கிறான் காட்லிசன். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். கல்யாண வீட்டில் என்னிடம் யாரும் இதுவரை சொல்லாத வார்த்தை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தலைவலி. வாந்தி. இஞ்சிச் சாறு கலந்த தேநீர் உள்ளே நிற்கவில்லை. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

தேறிவிட்டேன். கையும் காலும் வைத்துத் தவழ்ந்து ஏறும் பாறைச்சுவர் இன்று. எனக்கு முன்னால் ஒரு கனடாக்காரி பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் திரும்பச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். மோவாயைக் கொஞ்சம் இறக்கு, தோளைத் தளர்த்து, என்னைப் பாராதே, தூரத்தில் பார். பாறையில் தொங்கிக்கொண்டு இருக்கிறவளிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டாள், பயமும் போய்விட்டது.

ஊரில் இன்று ஆடிப் பதினெட்டு. ஓர் இடத்தில் சிக்னல் கிடைத்தது. அம்மா காவிரியில் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு பேசினாள். "எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டியா?" என்றேன். "உனக்கு மட்டுந்தான் வேண்டுனேன்" என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

நள்ளிரவில் கிளம்பினோம். நெற்றியில் விளக்கு. முன்னால் போகிறவனின் குதிகாலைத் தவிர வேறொன்றும் தெரியாது. குடிக்கிற தண்ணீர் குழாயிலேயே உறைந்துவிட்டது. ஒரு அடி, மூன்று மூச்சு. ஒரு அடி, மூன்று மூச்சு. சரளைக்கல் சறுக்கிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் வலது முட்டி 'போதும்' என்றது. போதாது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், காட்லிசன் மட்டும் என்னோடு.

விடிந்து நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் எரிமலை வாயின் விளிம்புக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு பலகை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் உச்சி தெரிகிறது. கண்ணுக்கு எதிரே, விளிம்போடு நடந்து போனால் வரும். பெரிய செங்குத்துகூட இல்லை. அங்கே நிற்கிற ஆட்களின் சட்டை நிறம்வரை தெரிகிறது.

காட்லிசன் என் காலைப் பார்த்தான்.

"மாமா, உண்மையைச் சொல்கிறேன். உன்னால் உச்சிக்குப் போக முடியும். நான் கூட்டிப்போவேன். ஆனால் இந்த முட்டியோடு போய்த் திரும்பினால் இன்று ராத்திரி நடு முகாமில்தான் தங்க முடியும். நாளைக்கு வாசலுக்கு வரும்போது உன் விமானம் மேலே பறந்துகொண்டிருக்கும். இப்போதே திரும்பினால் கீழ் முகாமுக்குப் போய்விடலாம். விமானத்தைப் பிடிக்கலாம்."

"இங்கே வந்தாலே சான்றிதழ் உண்டு" என்றும் சொன்னான், ஆறுதலுக்கு.

கேமராவை எடுத்து உச்சியை ஒரு படம் எடுத்தேன். திரும்பினேன்.

எனக்கு வருத்தமில்லை. முடிவு செய்ததைச் செய்தேன், அவ்வளவுதான். இறங்கும்போது காற்று கன்னத்தில் அறைந்தது. கண்ணும் மூக்கும் வழிந்துகொண்டே இருந்தன. கையுறையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

"அழாதே மாமா" என்றான் காட்லிசன்.

"அழவில்லை. காற்று."

"ஆமாம். அந்த இடத்தில் அந்தக் காற்று எல்லாருக்கும் அடிக்கும்" என்றான். பிறகு என் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

வெயிலுக்குப் பூசிய க்ரீமெல்லாம் துடைத்ததில் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. முகம் எரிகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விமானம் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர், "கிளிமஞ்சாரோவா, உச்சியைத் தொட்டீர்களா?" என்று கேட்டார். தூங்குவது போல் இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பெங்களூரில் இறங்கியபோதே நேரம் தப்பிவிட்டது, நடுவில் மாறிய விமானம் தாமதம். நகர நெரிசலைத் தாண்டி ஓசூர் மண்டபத்துக்கு வருவதற்குள் ரிசப்ஷன் தொடங்கிவிட்டது. நிஜாம் அண்ணன் வாசலிலேயே என் இரண்டாவது கேமராவோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கேமராவை நீட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மேடையில் ஸ்ரவந்தி நின்றிருந்தாள். நான் வருவதற்குள் பூசிவிட்டார்கள். நிச்சயதார்த்த ஆல்பத்தில் இருந்த அதே வழவழப் பெண். என்னைக் கூட்டத்தில் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். பூச்சு வெடித்துவிடும் என்று பாதியில் நிறுத்தினாள். இதற்குத்தான் உச்சியை விட்டுவிட்டு ஓடி வந்தேனா என்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லாப் படத்தையும் எடுத்தேன், வேலை வேலைதான்.

படுக்கப் போகுமுன் பத்மாவதியம்மா வந்து, "சாயந்தரம் அவ ஒண்ணுமே சொல்லல. சம்பந்தியம்மா கேட்டாங்க, சரின்னுட்டா" என்றார்கள். அவர்களுக்கே அது நிம்மதியாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் எல்லாருக்கும் முன்னால் மேக்கப் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் பேசப் போவதில்லை, உட்கார்ந்திருக்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகம், அவள் வாய். அவள்தான் சொல்ல வேண்டும்.

தலைக்குக் குளித்துவிட்டு ஸ்ரவந்தி வந்தாள். பூச்சு இல்லாத முகம். கண்ணாடி முன்னால் இருந்த விளக்கைப் போட்டதும் அந்த வெளிச்சம் என் மேலும் விழுந்தது. நேற்று மேடை விளக்கின் கூச்சத்தில் அவள் என்னைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கும் வந்துடுச்சா?"

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் பழைய நிறம். மூக்கு உரிந்து ரோஸ் நிறத்தில் கிடந்தது. இரண்டு கன்னத்திலும் துடைத்த இடமெல்லாம் தோல் பிய்ந்து, திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. சேலத்து மங்கையர்க்கரசிக்கு உலக வரைபடத்தை முகத்தில் ஒட்டிவிட்ட மாதிரி.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. மேக்கப் போட வந்த பெண் பாவம், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துடட்டுங்களா? வீடியோல விழுவீங்க" என்றாள்.

"வேணாம்மா. கஷ்டப்பட்டு வாங்குனது, இருக்கட்டும்."

"மேல வரைக்கும் போனீங்களாக்கா?" என்று கேட்டாள் ஸ்ரவந்தி.

"போகாம? உச்சியில நல்லா நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

உன் கல்யாணத்துக்காகப் பாதியில் இறங்கினேன் என்று சொன்னால், மணமேடையில் நடுவே பிடித்த திரை விழும் நேரத்தில் இந்தப் பெண் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு. நான் ஐந்து ஆல்பம் சுமந்தவள், இதையும் சுமப்பேன்.

அவள் கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பூச்சுப் பெட்டியைத் திறந்து கிட்டே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணுக்கு மை, உதட்டுக்குக் கொஞ்சம் கலர். அவ்ளோதான். மூஞ்சியில ஒண்ணும் வேணாம்."

"மாப்பிள்ளையோட அம்மா திட்டுவாங்களே..."

"கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

கௌதமின் அம்மா வசுந்தரா வந்தார்கள். நல்ல அரக்குப் பட்டு, கையில் பூக்கூடை. விஷயம் புரிந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

"ஸ்ரவந்தி, நேத்து எவ்ளோ நல்லா இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள்தானேம்மா. வர்றவங்க வாய்க்கு நான் பயப்படறேன். உன்னை ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்."

"தெரியும் அத்தை. அதனாலதான் நேத்து போட்டுக்கிட்டேன். நேத்து உங்களுக்காக. இன்னிக்கு எனக்காக." பூச்சுப் பெட்டியை அவளே மூடினாள். "திரையை எறக்கும்போது அவன் பாக்கப் போறது என்னைத்தான் அத்தை. வேற பொண்ணைப் பாத்து அவன் கையில சீரகம் வெல்லம் வாங்க நான் மாட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தூண்டிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். பிறகு என் உரிந்த மூக்கைப் பார்த்தார்கள். என்ன நினைத்தார்களோ, பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நாழியாச்சு. ஜடையாச்சும் ஒழுங்கா பின்னுங்க" என்று அந்தப் பெண்ணை விரட்டினார்கள். தானே உட்கார்ந்து பூத் தொடுத்துக் கொடுக்கவும் செய்தார்கள்.

இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல நேரம் வந்ததும் இருவரும் சீரகமும் வெல்லமும் அரைத்ததை வெற்றிலையில் வைத்து ஒருவர் தலையில் ஒருவர் அழுத்துகிறார்கள். அப்போது திரை விழும். முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முறை விழும் திரை. மறுபடியும் பிடியுங்கள் என்று எந்தப் புகைப்படக்காரனும் கேட்க முடியாது.

முட்டி மடங்கவில்லை. ஆனாலும் மண்டி போட்டேன். கூட்டத்தில் பின்னால் யாரோ ஒரு கிழவர் பெண்ணின் முகத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். என் முகம் இருந்த கோலத்துக்கு அந்த ஒரு பார்வையே போதும், அடங்கிவிட்டார்.

மேளம் உச்சத்துக்குப் போனது. திரை விழுந்தது. கௌதம் பார்த்தான். அவள் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு நொடி எதுவுமே இல்லை, அடுத்த நொடி முழுச் சிரிப்பு. கண்ணைச் சுற்றிய வெள்ளை, உதட்டோர வெள்ளை, தாடைக் கீற்று எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் அப்படியே இருந்தன. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை காற்று என்று சொல்ல முடியாது, மண்டபத்தில் காற்றே இல்லை.

முடிந்ததும் ஸ்ரவந்தி என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டாள். நிஜாம் அண்ணன் என் கேமராவை வாங்கி எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆவணி சீசன் தலைக்கு மேல் ஓடுகிறது. இன்றைக்கு ஆல்பம் வேலை.

மார்கழிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். காட்லிசனுக்கு எழுதினேன், 'வா மாமா, மலை அங்கேயேதான் இருக்கிறது' என்று பதில் வந்தது. இந்த முறை தமிழ், தெலுங்கு, கன்னடம், மார்வாடி என்று எல்லாப் பஞ்சாங்கமும் பார்த்துவிட்டுத்தான் தேதி குறித்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொன்னால் கை ஓங்க முடியாது.

ஸ்ரவந்தியின் படங்களை அச்சுக்கு அனுப்பும்போது லேப் பையனிடம் போனில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். பெண்ணின் முகத்தில் ஒரு புள்ளியைத் தொடக் கூடாது. எப்படி அனுப்பினேனோ அப்படி வர வேண்டும். மதியம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, பொண்ணு படம் எல்லாம் அப்படியே விட்டுட்டேன். கடைசிப் பக்கத்துல நீங்களும் அவங்களும் நிக்கற படம் இருக்கில்ல. அதுல உங்க மூஞ்சிய மட்டுமாச்சும் கொஞ்சம் சரி பண்ணிடட்டுங்களா? கன்னமெல்லாம் திட்டுத்திட்டா இருக்கு."

"தொட்டீன்னா கை இருக்காது தம்பி. அப்படியே அடி."